வெள்ளையாய் விடப்பட்ட மலை: பழனிமலைத் தொடரும் பாளையக்காரர் போரும்

ஒட்டன்சத்திரத்திலிருந்து வடகாடு வழியாகப் பாச்சலூருக்கு ஏறும் மலைச்சாலையில் சில வளைவுகளைக் கடந்தபின் வடக்கே திரும்பி நோக்குவோர்க்கு, கீழ்நாட்டுச் சமவெளி பாய் விரித்தாற்போலக் கிடப்பது தெரியும். பரப்பலாறு அணையின் நீர் ஒருபுறம் மின்னும். மேற்கே, மலையின் அடிவாரத்தை ஒட்டி, பழனிச் சாலையில் இருப்பது விருப்பாச்சி. மலைவாழையால் இன்று பெயர் அறியப்படும் ஊர் அது. அவ்வாழைக்கு 2008ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் 1800ஆம் ஆண்டில் அவ்வூரின் பெயர் சென்னைக் கோட்டையில் வேறொரு காரணத்திற்காகப் பேசப்பட்டது. மணப்பாறை லட்சுமி நாயக்கர், தேவதானப்பட்டிப் பாளையக்காரர், கோவைப் பகுதியினர், சிவகங்கை மருதிருவரின் தொடர்பினர் எனப் பல திசையினரும் அவ்வாண்டில் விருப்பாச்சிக் கோபால் நாயக்கரை நடுவாகக் கொண்டு கும்பினிக்கு எதிராக ஒன்றுகூடினர்.

ஏன் விருப்பாச்சி? மதுரை போன்ற பெருநகர் அன்று அது. திண்டுக்கல் போன்ற கற்கோட்டையும் அங்கில்லை. பாளையக்காரர் போர்களைப் பற்றித் தமிழில் வந்துள்ள நூல்களைப் புரட்டினால் இக்கேள்விக்கு விடை கிடைப்பது அரிது. அவற்றில் பெயர்கள் உண்டு, நாட்கள் உண்டு, வீரரின் கற்பனை உருவப்படங்களும் உண்டு. நிலப்படம் மட்டும் பெரும்பாலும் இராது. இருந்தாலும் மாவட்ட எல்லைகளும் ஊர்ப்புள்ளிகளும் மட்டுமே குறித்த, மலையும் ஆறும் இல்லாத ஒரு வெற்றுப்படமாக இருக்கும். போர் நடந்தது ஏதோ ஒரு மேடையில் என்று எண்ணும்படி அந்நூல்கள் எழுதப்பட்டுள்ளன. வீரம், துரோகம் என்னும் இரு சொற்களால் வெற்றி தோல்விகள் அனைத்தையும் விளக்கிவிட முயலும் வழக்கம் இதனால் வேரூன்றிவிட்டது.

நிலப்படம் ஒன்று போரை எவ்வளவு தூரம் விளக்க வல்லது என்பதற்கு உலகெங்கும் காட்டப்படும் சான்று, பிரெஞ்சுப் பொறியாளர் சார்லஸ் மினார் 1869இல் வெளியிட்ட படம். நெப்போலியன் 1812இல் ருசியாவின்மேல் படையெடுத்த கதையை அவர் ஒரே தாளில் வரைந்தார். நீமன் ஆற்றைக் கடக்கையில் 4,22,000 வீரரைக் குறிக்கும் அகன்ற பட்டை, மாஸ்கோவை அடைகையில் 1,00,000ஆகச் சுருங்குகிறது. திரும்பி வருகையில் கறுத்து மெலிந்து 10,000 என்னும் நூலிழையாகிறது. கீழே குளிரின் அளவு. படைத்தலைவனின் பெருமையோ பகைவனின் சூழ்ச்சியோ அதில் ஒரு சொல்லும் இல்லை. தூரமும் குளிரும் ஆறுகளும் ஒரு படையை எவ்வாறு தின்றன என்பதைக் கண் தானே கண்டுகொள்கிறது. ஆயினும் ஒன்று கருதத்தக்கது: மினாருக்கு எண்கள் கிடைத்தன. எழுதி வைத்தவர் இருந்ததால் வரைபவர் வரைந்தார். பழனிமலை அடிவாரத்தில் போரிட்டவர்களுக்கு அத்தகைய எழுத்தர் வாய்க்கவில்லை.

தமிழருக்கு நிலத்தைக் குறிக்கும் அறிவு இல்லாமற் போயிற்று என்பது இதன் பொருளன்று. சோழர் செப்பேடுகளில் ஓர் ஊரைத் தானம் வழங்கும்போது பெண் யானை ஒன்றை நடத்தி அதன் அடிவழியே எல்லை வகுத்ததாகச் சொல்லப்படுகிறது. இன்ன வாய்க்காலுக்குத் தெற்கு, இன்ன கல்லுக்கு மேற்கு என்று நான்கு திசையும் சொல்லாலேயே வரையப்படும். அவை சொற்களால் ஆன நிலப்படங்கள் எனலாம். காலின் மெக்கன்சி திரட்டிய பாளையப்பட்டு வமிசாவளிகளிலும் நிலம் இவ்வாறு சொல்லாகவே வருகிறது. வையாவிக் கோப்பெரும் பேகன் ஆண்டதாகச் சங்கப் பாடல்கள் போற்றும் இம்மலையில், தாண்டிக்குடிப் பகுதியின் கல்திட்டைகள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே மக்கள் வாழ்ந்ததைக் காட்டுகின்றன. அவ்வளவு காலமாக நடந்து பழகிய தடங்கள் குன்னுவர், புலையர், பளியர் ஆகியோரின் கால்களில் இருந்தன. தாளில் ஏறவில்லை.

பழனிமலைத் தொடர் மேற்குத்தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே நீண்டு சமவெளிக்குள் புகுந்த ஒரு கை. கிழக்கு மேற்காக ஏறத்தாழ 65 கிலோமீட்டர். தெற்கு வடக்காக ஏறத்தாழ 40. வடக்கே சண்முகநதியும் நங்காஞ்சியாறும் அமராவதியை நோக்கி ஓடும் நாடு. தெற்கே வராகநதியும் வைகையும் பாயும் பெரியகுளப் பள்ளத்தாக்கு. மேற்கே ஆனைமலையும் மூணாற்று உயர்மலைகளும் இதனோடு இணைந்து நிற்கின்றன. கிழக்கே மட்டும் மலை முடிந்து, சிறுமலைக்கும் இதற்கும் நடுவே ஓர் இடைவெளி விடுகிறது. அவ்விடைவெளியின் வாயிலில் தனிப்பாறையாக நிற்பது திண்டுக்கல். கோவை, கரூர்ப் பக்கமிருந்து மதுரைக்குப் பீரங்கியோடும் பொதிமாடுகளோடும் செல்லும் எப்படையும் அந்தப் பாறையின் பார்வையில்தான் சென்றாக வேண்டும். ஐதர் அலி 1755இல் திண்டுக்கல்லின் பௌசுதாராக அமர்ந்த பின்னரே அவருடைய வளர்ச்சி தொடங்கியது என்பது தற்செயல் அன்று.

இந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு 1772ஆம் ஆண்டை நோக்கலாம். அவ்வாண்டு சூனில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் காளையார்கோவிலில் கொல்லப்பட்டார். அரசி வேலு நாச்சியார் மருதிருவரோடு நாட்டை விட்டு வெளியேறி, விருப்பாச்சியில் கோபால் நாயக்கரின் ஆதரவில் எட்டு ஆண்டுக்காலம் தங்கினார். இதனை நன்றியின் கதையாகவும் நட்பின் கதையாகவும் எழுதுவது வழக்கம். அவ்வாறே இருக்கலாம். ஆனால் நிலப்படம் அதற்கு மேலும் ஒன்று சொல்கிறது. ஆர்க்காட்டு நவாபும் கும்பினியும் ஆட்சி செலுத்திய மதுரைச் சீமைக்கும் மைசூர் ஆட்சிக்கும் இடையிலான எல்லை அந்தத் திண்டுக்கல் இடைவெளியிலே இருந்தது. விருப்பாச்சி அவ்வெல்லைக்கு அப்பால், ஐதரின் கோட்டைக்கு ஒருநாள் நடைத் தொலைவில், முதுகுப்புறம் மலையைக் கொண்டு நின்றது. பகைவர் வந்தால் மலையேறலாம். துணை வேண்டினால் திண்டுக்கல்லுக்குச் செல்லலாம். ஓர் அரசி தன் நாட்டை மீட்க எண்ணிக் காத்திருப்பதற்கு அதனினும் ஏற்ற இடம் மதுரைக்கு வடமேற்கே வேறொன்று இருந்ததாகத் தோன்றவில்லை. 1780இல் ஐதரின் உதவியோடு அவர் சிவகங்கையை மீட்டார்.

கும்பினியின் படைகள் இந்த நாட்டை அறிந்துகொண்ட விதம் வேறு. 1783இல் கர்னல் புல்லார்ட்டன் தாராபுரத்தைப் பிடித்து, தெற்கே பாஞ்சாலங்குறிச்சி, சிவகிரி வரை சென்று மீண்டு, மழைக்காலத்தில் ஆனைமலைக் காடுகளின் ஓரமாகப் பாலக்காட்டை அடைந்து நவம்பரில் அதனைக் கைப்பற்றினார். 1790இல் மூன்றாம் மைசூர்ப் போரில் கர்னல் ஸ்டூவர்ட் ஆகஸ்டில் திண்டுக்கல்லையும் செப்டம்பரில் பாலக்காட்டையும் பிடித்தார். தளபதி மெடோஸ் கரூரிலிருந்து ஈரோடு, சத்தியமங்கலம் வழியாகக் கசல்கட்டிக் கணவாய் வரை தானியக் கிடங்குகளை ஒரு சங்கிலிபோல அமைத்து மைசூருக்கு ஏற எண்ணினார். திண்டுக்கல்லும் பாலக்காடும் அச்சங்கிலியின் தென்புறக் காவல்கள். தாளில் அது அழகிய திட்டம். செப்டம்பரில் திப்பு அதே கணவாய் வழியாகக் கீழே இறங்கிச் சங்கிலியின் கண்ணிகளை ஒவ்வொன்றாக அறுத்தபோதுதான், ஏறுவதற்கான வழி இறங்குவதற்கும் வழி என்பது தளபதிக்கு விளங்கிற்று.

வங்காளத்தின் நில அளவைத் தலைவராக இருந்து 1777இல் இந்தியாவை விட்டு நீங்கிய ஜேம்ஸ் ரென்னல், இலண்டனில் இருந்துகொண்டே இப்போரின் அணிவகுப்புகளைப் படத்தோடு விளக்கி 1792இல் ஒரு நூலை வெளியிட்டார். தீபகற்பத்தில் பிரிட்டிஷ் படைகள் நடந்த வழிகள் என்பதே அதன் பொருள். செய்தித்தாளில் சீரங்கப்பட்டணம் என்றும் கோயமுத்தூர் என்றும் படித்துத் திகைத்த ஆங்கில வாசகருக்காக எழுதப்பட்டது அது. போரை நிலப்படத்தால் விளக்கும் முயற்சி தென்னிந்தியாவைப் பொருளாகக் கொண்டு அவ்வளவு முன்னரே நடந்துவிட்டது என்பது வியப்பன்று. அப்படம் எவ்வாறு உருவாயிற்று என்பதே கவனிக்கத்தக்கது. படையோடு செல்லும் அதிகாரி ஒருவர் திசைகாட்டியையும் அளவுச் சக்கரத்தையும் கொண்டு சாலையை அளந்து செல்வார். இருமருங்கிலும் தெரியும் ஊரும் குளமும் குன்றும் குறிப்பேட்டில் ஏறும். ஆகவே படை நடந்த இடமே படத்தில் நிலமாயிற்று. பீரங்கி வண்டி ஏற இயலாத மலையில் படை நடக்கவில்லை. படை நடக்காததால் மலை வெள்ளையாகவே விடப்பட்டது. அல்லது கம்பளிப்புழு ஊர்ந்தாற்போலச் சில கோடுகள் இடப்பட்டு, இங்கே மலை உண்டு என்னும் அளவில் நின்றது.

இருளில் திசை தவறினால் படை என்னாகும் என்பதற்கு 1799 ஏப்ரல் சான்று. சீரங்கப்பட்டண முற்றுகையின் தொடக்கத்தில் சுல்தான்பேட்டைத் தோப்பை இரவில் துழாவச் சென்ற பெயர்டின் படை திரும்புகையில் வழி தவறிற்று. தெற்கே செல்வதாக எண்ணி வடக்கே, திப்புவின் பாசறையை நோக்கி அது நடந்துகொண்டிருப்பதை விண்மீன்களைக் கொண்டு கண்டறிந்து தடுத்தவர் வில்லியம் லாம்டன் என்னும் அதிகாரி. அதே தோப்பில் அடுத்த இரவு ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாளில் வாட்டர்லூவில் வென்ற அதே வெல்லெஸ்லி, இருளில் சிக்கிக் குழம்பிப் பின்வாங்கினார். அந்த லாம்டனே 1802இல் சென்னைப் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து முக்கோண நில அளவையைத் தொடங்கினார். போரும் அளவையும் ஒரே ஆட்களின் இரு வேலைகளாக இருந்த காலம் அது.

இனி 1800. திப்பு மறைந்த பின், மைசூரின் வடபகுதியில் தூண்டாசி வாக் எஞ்சிய வீரரைத் திரட்டிக் கிளர்ந்தெழுந்தார். அவரோடு விருப்பாச்சியார்க்குத் தொடர்பு இருந்தது. முதல் அடி கோயமுத்தூர்ப் பாசறையில் சூன் 3ஆம் நாள் விழவேண்டும் என்பது திட்டம். முகர்ரம் நாள் அது. நிலப்படத்தை விரித்தால் இத்திட்டத்தின் நுட்பம் உடனே புலனாகிறது. கோயமுத்தூர் விழுமாயின் மைசூருக்கும் மலபாருக்கும் தெற்கிற்கும் செல்லும் வழிகளின் முடிச்சு அவிழும். திண்டுக்கல்லில் உள்ள கும்பினிப் படை தனித்துவிடும். வடக்கே விருப்பாச்சி, கிழக்கே மணப்பாறை, மலைக்குத் தெற்கே தேவதானப்பட்டி எனத் திண்டுக்கல்லைச் சுற்றி ஒரு வளையம் அமையும். விருப்பாச்சியும் தேவதானப்பட்டியும் ஒரே மலையின் இரு அடிவாரங்கள். சமவெளி வழியாக ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்பவர் திண்டுக்கல் இடைவெளியைச் சுற்றிச் செல்லவேண்டும். கும்பினியின் கண்ணில் படவேண்டும். பாச்சலூர், தாண்டிக்குடிப் பகுதிகளின் வழியாக மலையைக் குறுக்கே கடப்பவரை எவரும் காணார். கூட்டணியின் உறுப்பினர் யார் யார் என்னும் பட்டியல் இதனைச் சொல்லாது. சமஉயரக் கோடுகள் சொல்கின்றன. பழனிக்குக் காவடி சுமந்து திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாக மலையைச் சுற்றி நடக்கும் அடியார்க்கு அச்சுற்றின் நீளம் கால்களாலேயே தெரியும்.

அதே நிலப்படம் திட்டத்தின் குறையையும் மறைக்காமல் காட்டுகிறது. தூண்டாசி வாக்கின் களம் துங்கபத்திரைக் கரை. கோயமுத்தூருக்கும் அதற்கும் நேர்க்கோட்டிலேயே 400 கிலோமீட்டர் தூரம். நடுவே வெல்லெஸ்லியின் படை. குதிரையில் செல்லும் தூதனுக்கே பல நாள் ஆகும் அத்தொலைவில், இரு படைகள் ஒரே வாரத்தில் ஒரே முடிச்சை இருபுறமும் இழுப்பதென்பது அக்காலத்து எந்த அரசுக்கும் எளிய காரியமன்று. கோயமுத்தூர்த் தாக்குதல் தோல்வியுற்றது. பிடிபட்டவருள் 42 பேர் தூக்கிலிடப்பட்டனர். வெல்லெஸ்லி செப்டம்பர் 10ஆம் நாள் கோணகல்லில் தூண்டாசி வாக்கை வீழ்த்தினார். கோயமுத்தூரின் தோல்விக்கு ஒரு காட்டிக்கொடுப்பவனைத் தேடும் எழுத்துகள் பல. காட்டிக்கொடுத்தவன் இருந்திருக்கலாம். அவன் இல்லாவிடினும் அந்த 400 கிலோமீட்டர் இருந்தது.

அதன்பின் போர் கோபால் நாயக்கரின் வாசலுக்கே வந்தது. கர்னல் இன்னசின் படை திண்டுக்கல்லிலிருந்து மேற்கே நகர்ந்து அடிவாரத்துப் பாளையங்களை ஒவ்வொன்றாகப் பிடித்தது. 1801 மே மாதத்தில் கோபால் நாயக்கர் பிடிபட்டு, அவ்வாண்டே தூக்கிலிடப்பட்டார். மலையிருந்தும் அவர் ஏன் பிடிபட்டார் என்னும் வினா இயல்பானது. மலை ஒளித்துவைக்கும், ஊட்டி வளர்க்காது. நெல்லும் உப்பும் வெடிமருந்தும் அடிவாரத்திலிருந்து மேலேற வேண்டும். அடிவாரத்து ஊர்கள் பகைவர் கைப்பட்டபின் மேலே இருப்பவர் முற்றுகையில் உள்ளவரே. சமவெளிக் கோட்டைகளை மட்டும் பிடித்து, ஏறாமலேயே மலையை வென்ற முறை இது. வெள்ளையாய் விடப்பட்ட இடத்தை அறிந்துகொள்ளாமல், அதன் ஓரங்களைத் தைத்துவிடுதல்.

சிவகங்கையில் அவ்வாறு நடக்கவில்லை. காளையார்கோவிலைச் சுற்றியிருந்த காடும் கும்பினிக்குத் தெரியாத நிலமே. 1801 சூலை இறுதியில் கர்னல் அக்னியூ சிறுவயலிலிருந்து காட்டை வெட்டிப் பாதை அமைத்துக்கொண்டு உள்ளே செல்ல முனைந்தார். ஒரு மாதக்காலம் மரம் வெட்டினர். வெட்டிய பாதையின் இருபுறமும் மருதுவின் ஆட்கள் இருந்தனர். இறுதியில் முயற்சி கைவிடப்பட்டது. அப்போரில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் தம் நினைவுக்குறிப்புகளில் இதனை விரிவாகவே எழுதியுள்ளார். அறியாத நிலத்தில் தானே ஒரு கோடு கிழித்துக்கொண்டு போகலாம் என்று எண்ணிய படை, அக்கோட்டின் ஒவ்வொரு முழத்திற்கும் விலை கொடுத்தது. அக்டோபர் 1ஆம் நாள் ஒரே நேரத்தில் பல திசைகளிலிருந்து புகுந்த பின்னரே காளையார்கோவில் வீழ்ந்தது. மருதிருவர் அம்மாதம் 24ஆம் நாள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர்.

பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து பிப்ரவரியில் தப்பி, பாஞ்சாலங்குறிச்சியைப் புதிதாய்க் கட்டி, அது மே மாதத்தில் வீழ்ந்தபின் சிவகங்கைக்கு வந்து போரிட்டவர் ஊமைத்துரை. காளையார்கோவிலும் போனபின் அவரும் எஞ்சிய தோழரும் சென்ற திசை மேற்கு. தெற்கே தம் சொந்தச் சீமைக்கு அவர்கள் திரும்பவில்லை; கிழக்கே கடலுக்கும் செல்லவில்லை. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் சமவெளியைக் கடந்து திண்டுக்கல் மலைப்பக்கம் நோக்கி வந்தனர். வத்தலக்குண்டில் பிடிபட்டனர். அவ்வூரில் நின்று மேற்கே பார்த்தால் பழனிமலை கண்ணெதிரே எழுந்து நிற்கும். இன்று கொடைக்கானலுக்குச் செல்லும் பேருந்துகள் அவ்வூரைத் தாண்டியதும் மலையேறத் தொடங்குகின்றன. கோபால் நாயக்கர் இல்லாத அடிவாரமாயினும், அம்மலை ஒன்றே எஞ்சிய புகலிடம் என்று அவர்கள் கருதியதாகவே அந்தத் திசை காட்டுகிறது. நவம்பர் 16ஆம் நாள் ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டார். சில ஆண்டுகளுக்குப்பின் தீரன் சின்னமலையும் இப்பகுதியின் கருமலையில் ஒளிந்திருந்து பிடிபட்டதாகவே மரபு சொல்கிறது. சங்ககிரியில் 1805 சூலை 31 அவருடைய இறுதி நாள்.

லெப்டினன்ட் வார்டு பழனிமலை மேல் ஏறியது 1821இல். திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை அளந்து முடித்து வந்தவர் அவர். வெள்ளகவி வழியாக மேலே சென்று, மலையையும் அதன் ஊர்களையும் குடிகளையும் அளந்து குறித்தார். வராககிரி மலை என்பது அவருடைய ஏடுகளில் இத்தொடருக்குள்ள பெயர். கோபால் நாயக்கர் மறைந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. மலையில் ஒளிவதற்கு எவரும் மிஞ்சாத பிறகே மலை படத்தில் ஏறியது. அடுத்த கால் நூற்றாண்டிற்குள், 1845இல், மதுரை அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் வீடு கட்டினர். போரில் புகலிடமாக இருந்த உயரம் காய்ச்சலுக்குப் புகலிடமாயிற்று.

இந்திய நில அளவைத் துறையின் தாள்களில், பழைய எண்ணிடலின்படி 58 எஃப் என்னும் பகுதியில், இம்மலை முழுதும் சமஉயரக் கோடுகளோடு இன்று கிடைக்கிறது. ஒரு சென்டிமீட்டருக்கு 500 மீட்டர் என்னும் அளவில் ஒவ்வோர் ஓடையும் ஒற்றையடிப் பாதையும் அதில் காணலாம். பாளையக்காரர் போரின் ஆவணங்களை அதன்மேல் வைத்துப் படிக்க முனைவோர்க்கு முதல் தடை ஊர்ப்பெயர்களே. வத்தலக்குண்டு பட்லகுண்டு ஆகியிருக்கிறது. விருப்பாச்சி ஒரு கடிதத்தில் ஒரு விதமாகவும் மறுகடிதத்தில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருக்கிறது. ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தவாறு எழுதிய சிற்றூர்ப் பெயர்கள் பலவற்றை அவ்வூரார் வாயால் சொல்லக் கேட்டாலன்றி இன்னது என்று காண இயலாது. வடகாடு, பெரும்பாறை, தாண்டிக்குடி, பாச்சலூர் என ஊர் ஊராகச் சென்று, ஓடைக்கும் பாறைக்கும் மேய்ச்சல் வெளிக்கும் முதியோர் வழங்கும் பெயர்களைத் தமிழில் எழுதி, தாளின் கோடுகளோடு பொருத்திப் பார்க்கும் வேலை இன்னும் எஞ்சியிருக்கிறது. சொல்லின் ஒலி திரிபைக் கேட்டறியும் செவி உடையோர்க்கு உரிய வேலை அது. அம்முதியோர் இருக்கும்போதே செய்ய வேண்டியதும்கூட.